டிரேட்: தமிழில் வீரர் பரிமாற்றம்

தன் வீரரைக் கொடுத்து எதிரணி வீரரை வாங்கிக்கொள்வதைக் கூடைப்பந்தில் 'டிரேட்' என்கிறார்கள். ஜடேஜா ராஜஸ்தானுக்கும் சஞ்சு சாம்சன் சென்னைக்கும் மாறிய 2025 நவம்பரில் நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகர்கள் வாயிலும் இந்தச் சொல் புழங்கியது. இதை 'வர்த்தகம்' என்று எழுதுவது பொருந்தாது. வர்த்தகத்துக்கு விலை வேண்டும். அமெரிக்காவின் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் நட்சத்திர வீரருக்கு விலை பேசுவதில்லை; ஈடாக ஆளைக் கேட்பார்கள், அல்லது புதுமுகங்களை எடுக்கும் தேர்வுரிமையைக் கேட்பார்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கே தொடக்கத்தில் வணிகப் பொருள் கிடையாது. ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றில் 'தடம்' என்று பொருள்பட்டு, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தடம் வழக்கமான போக்காகி, பிழைப்புத் தொழிலாகி, பிறகுதான் கொடுக்கல் வாங்கலானது. பள்ளியில் 'வியாபாரக் காற்று' என்று படித்தோமே, அதுவும் உண்மையில் ஒரே தடத்தில் வீசும் காற்றுதான்.

தமிழில் இதற்கு மிக நெருக்கமானது 'மாறுதல்'. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை மாறியதைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். ஆனால் 'மாற்று வீரர்' என்றால் இன்று பதிலி ஆட்டக்காரர் என்றாகிவிட்டது. ஆகவே 'வீரர் பரிமாற்றம்' என்பதே என் தேர்வு. இரு பக்கமும் கொடுத்து வாங்குவது அதில் தெளிவாக இருக்கிறது.

தங்கத்தின் தரத்தையும் நாம் 'மாற்று' என்றுதான் சொல்கிறோம். பத்தரை மாற்றா என்று உரைத்துப் பார்க்கும் அந்த வேலை பரிமாற்றத்துக்கும் உண்டு. 2025 பிப்ரவரியில் என்பிஏவின் டல்லாஸ் அணி தன் நட்சத்திர வீரர் லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் அணியான லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியது. இருவருக்கும் அந்தப் பருவத்தில் ஏறக்குறைய 4.3 கோடி டாலர் சம்பளம். நெல்லும் உப்பும் போல அளவு சரிதான். ஆனால் டான்சிச்சுக்கு வயது 25, டேவிஸுக்கு 31. புதிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் காயத்தோடு வெளியேறினார். ஏப்ரலில் டல்லாஸுக்குத் திரும்பி வந்த டான்சிச், தனக்காகத் திரையிட்ட காணொளியைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே 45 புள்ளிகள் எடுத்துப் பழைய அணியைத் தோற்கடித்தார். பரிமாற்றத்தை முடித்த டல்லாஸ் மேலாளர் நிக்கோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் பதவி இழந்தார்.

லேக்கர்ஸ் கொடுத்த 2029ஆம் ஆண்டுத் தேர்வுரிமை இன்னும் கனியவில்லை என்பது உண்மை. இருந்தாலும் ஆதாயம் லேக்கர்ஸுக்கே என்பேன். டான்சிச்சை இழந்து சரிந்ததால்தானே பின்தங்கிய அணிகளுக்கென நடக்கும் தேர்வுரிமைக் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு வென்று டல்லாஸ் புதுமுகம் கூப்பர் ஃபிளாக்கை எடுக்க முடிந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டத்தைப் பரிமாற்றத்தின் வரவாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.