அருகிய தாவரம்: சொல் விளக்கம்

உயிரினங்களின் அழிவு ஆபத்தைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டும் பன்னாட்டுச் செம்பட்டியலில் 'எண்டேஞ்சர்டு' என்று வரும் நிலைக்குத் தமிழில் 'அருகிய இனம்' என்ற பெயர் ஓரளவு நிலைத்துவிட்டது. செய்திகளில் மட்டும் 'அழிந்துவரும்', 'அழியும் தறுவாயில் உள்ள', 'அரிய வகை' என்று வாய்க்கு வந்ததைப் போடுகிறார்கள். முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். குழப்புவது 'அரிய'தான்.

அருகுதல் என்றால் குறைந்துபோதல். 'அந்த வழக்கம் அருகிவிட்டது' என்கிறோமே, அதே வினை. (பக்கத்தைக் குறிக்கும் 'அருகில்' இங்கே பொருந்தாது.) 'அருகிய' இறந்தகாலப் பெயரெச்சம், முன்பு மிகுதியாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது என்று காலத்தையும் சேர்த்தே சொல்கிறது. 'அரிய' என்பதில் காலமே இல்லை. ஒரே ஒரு மலையுச்சியில் மட்டும் காலங்காலமாக வளரும் செடி அரியது. அதன் எண்ணிக்கை சரியாமல், இடத்துக்கும் கேடு வராமல் இருந்தால் அருகியது ஆகாது. மாறாக, கண்ட இடமெல்லாம் நின்ற மரமும் அருகலாம். வட அமெரிக்காவின் ஆஷ் மரங்கள் அப்படித்தான்: ஆசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு ஒன்று பட்டைக்கடியில் துளைத்துத் தின்றதால், அவற்றில் ஐந்து இனங்கள் 2017இல் 'மிக அருகிய' நிலையில் சேர்க்கப்பட்டன.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு திசையில் போகிறது. அதிலுள்ள 'டேஞ்சர்', எஜமானைக் குறிக்கும் லத்தீன் 'டோமினுஸ்' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; முதலில் இன்னொருவர் அதிகாரத்துக்கு உட்பட்டிருப்பதையே குறித்தது. எண்ணிக்கை பற்றிய பேச்சே அதில் இல்லை. இந்த விஷயத்தில் நம் சொல் ஒரு படி மேல் என்பேன்.

ஏனென்றால் செம்பட்டியலுக்கான மதிப்பீடு பார்ப்பதும் பெரும்பாலும் இந்தக் குறைவைத்தான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964இல் தொடங்கிய செம்பட்டியலுக்கு இப்போது வழங்கும் அளவுகோல்கள் 2001இல் வெளியானவை. பத்தாண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் நீண்ட காலத்துக்குள் 50 விழுக்காடு குறைந்தால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. மரங்களுக்கு மூன்று தலைமுறை என்பது நூறாண்டையும் தாண்டலாம். அவ்வளவு பழைய கணக்கு யாரிடம் இருக்கும்? அப்புறம் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் உலர்தாவரச் சேகரிப்பின் பழைய தாள்கள்தான் கைகொடுக்கும். எங்கே, எப்போது பறித்தது என்று ஓரத்துச் சீட்டில் எழுதியிருக்குமே, அது. அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, 2 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களை மேலே போட்டு எண்ணுவார்கள். ஐந்து கட்டங்களில் செடி இருந்தால் பரப்பு 20 சதுர கிலோமீட்டர். 'அருகிய' நிலைக்கு எல்லை 500. ஆனால் பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. செடி இருக்கும் தனித்தனி இடங்கள் ஐந்துக்கு மேற்படாமலும், சரிவு தொடர்ந்துகொண்டும் இருப்பது போன்ற நிபந்தனைகளும் சேர்ந்தால்தான் அந்த நிலை. விதிவிலக்கும் உண்டு: முதிர்ந்த செடிகள் 250க்கும் குறைவு என்றால் வேறெதுவும் பார்க்காமலே அருகியதுதான்.

அருகியதற்கு ஒரு படி கீழேயுள்ள 'வல்னரபிள்' என்பதற்கு 'அழிவாய்ப்பு இனம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. அழியும் வாய்ப்பு மேலேயுள்ள இரண்டு நிலைகளுக்கும் கூடுதலாகவே உண்டே! மூலச்சொல் 'காயம்' என்ற பொருளுள்ள லத்தீன் 'வுல்னுஸ்'. 'நலிவுறு இனம்' என்றால் பொருந்தும். 'அழிவாய்ப்பு' என்ற நல்ல சொல்லை மொத்தப் பணிக்கும் பெயராக்கி, 'அழிவாய்ப்பு மதிப்பீடு' என்று வைத்துக்கொள்ளலாம்.