இதயம் நின்ற பிறகு மூளை என்ன செய்கிறது?

“போய்விட்டுத் திரும்பி வந்தேன்” என்று சொல்லும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நெஞ்சை அழுத்தியும் மின் அதிர்ச்சி கொடுத்தும் உயிரை மீட்பது மருத்துவமனைகளில் வழக்கமான பிறகு அப்படிச் சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். சொல்வதிலும் நிறைய ஒற்றுமை உண்டு. உடம்பு கீழே கிடக்க, தான் மேலே மிதந்தது. இருட்டான ஒரு குகைவழி, அதன் முனையில் கண்ணைக் கூசாத வெளிச்சம். எப்போதோ இறந்துபோன அம்மாவோ தாத்தாவோ எதிரே வந்து நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதுவரை அறிந்திராத ஒரு நிம்மதி.

அமெரிக்காவின் ரேமண்ட் மூடி 1975இல் இத்தகைய கதைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் ‘மரண விளிம்பு அனுபவம்’ என்ற பெயர் பரவியது. 1983இல் மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 16 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தயாரித்தார். மொத்தம் 32 மதிப்பெண்; 7 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கணக்கில் சேரும். பரீட்சை மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் ஒருவர் கதையை இன்னொருவர் கதையோடு ஒப்பிட ஏதாவது ஓர் அளவு வேண்டும் அல்லவா?

2001இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு, 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரிடம் விசாரித்தது. அவர்களில் 62 பேர், அதாவது 18 சதவீதம், இப்படி ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். மற்ற 82 சதவீதத்தினருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

இதை வைத்து ‘ஆன்மா உண்டு’ என்று ஓர் அணியும் ‘எல்லாம் மூளையின் விளையாட்டு’ என்று ஓர் அணியுமாகப் பட்டிமன்றம் நடந்துகொண்டே இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அந்த அனுபவம் சரியாக எப்போது நடந்தது?

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஓய்வாக இருக்கும்போதே உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. இதயம் நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். அடுத்த சில நொடிகளில், தலையில் பொருத்திய மின்முனைகள் பதியும் ஈஈஜி கோடு தட்டையாகிவிடும். சினிமாவில் இந்த இடத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுவார்கள். ஆனால் அந்தத் தட்டைக் கோட்டின் அடியில் நரம்புச் செல்கள் இன்னும் சாகவில்லை. இருக்கும் கொஞ்ச ஆற்றலைச் சேமிக்க அவை பேச்சை நிறுத்தியிருக்கின்றன, அவ்வளவுதான். சில நிமிடங்கள் கழித்து, செல்கள் தங்கள் மின்னழுத்தத்தைத் தாங்க முடியாமல் இழக்கும் ஓர் அலை மூளை முழுக்கப் பரவுகிறது. சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்போதும் ரத்தம் மறுபடி பாய்ந்தால் செல்கள் பிழைக்க வழியுண்டு. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல், வெட்டப்பட்டு நான்கு மணி நேரமான பன்றிகளின் மூளைக்குள் ஒரு சிறப்புத் திரவத்தைச் செலுத்தி, செல்களின் சில வேலைகளை மீண்டும் நடக்கவைத்தார்கள். அந்த மூளைகளுக்கு உணர்வு வந்ததற்கான எந்த மின் அடையாளமும் இல்லை. ஆனாலும் மரணம் சட்டென்று விழும் திரை என்ற எண்ணம் அங்கே அடிபட்டுப் போனது.

சரி, அந்த இடைவெளியில் மூளை சும்மாதான் இருக்கிறதா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிமோ போர்ஜிகின் 2013இல் 9 எலிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்திவிட்டு அவற்றின் இதயத்தை நிறுத்தினார். முதல் 30 நொடிக்குள் காமா என்ற வேகமான மூளை மின் அலைகள் ஒத்திசைவோடு கிளம்பின. எலி விழித்திருக்கும்போது இருப்பதைவிட அதிகமாகவே. மனிதர்களில், கவனித்துப் பார்க்கும்போதும் எதையாவது நினைவுகூரும்போதும் காணப்படும் அலைகள் இவை. 2023இல் அவரது குழு, மீள வழியில்லாமல் கோமாவில் இருந்து, குடும்பத்தினர் சம்மதத்தோடு வெண்டிலேட்டர் நீக்கப்பட்ட நான்கு பேரின் பதிவுகளை வெளியிட்டது. இரண்டு பேரிடம் அதே காமா எழுச்சி தெரிந்தது. அது முக்கியமாகத் தெரிந்த இடம், மூளையின் பக்க மடலும் மேல் மடலும் பின் மடலும் சந்திக்கும் பகுதி.

இந்த முடிவைத் தலைப்புச் செய்திகள் ரொம்பவே ஊதிவிட்டன. அந்த இரண்டு பேருக்கும் ஏற்கெனவே வலிப்பு வந்திருக்கிறது. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்கவும் வழியில்லை, பிழைக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சந்திப்புப் பகுதி கவனிக்கவேண்டிய இடம். காரணம், அதற்கு இருபது வருடம் முன்னாலேயே நடந்த ஒரு சம்பவம்.

2002இல் சுவிட்சர்லாந்தில், வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யவேண்டிய 43 வயதுப் பெண் ஒருவரின் மூளைமேல் மின்முனைகளைப் பரப்பி, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று நரம்பியலாளர் ஓலாஃப் பிளாங்கேயின் குழு தேடிக்கொண்டிருந்தது. நோயாளி விழித்திருந்தார். காதுக்குச் சற்று மேலே பின்புறமாக, வலது பக்கத்தில் ஆங்குலர் ஜைரஸ் என்ற மடிப்பில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தார்கள். கட்டிலுக்குள் அமிழ்ந்து போவதுபோல் இருக்கிறது என்றார். மின்சாரத்தைக் கூட்டினார்கள். “நான் படுத்திருப்பதை மேலிருந்து பார்க்கிறேன், ஆனால் காலும் இடுப்புப் பகுதியும்தான் தெரிகிறது” என்றார். கூரையை ஒட்டி, கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் மிதப்பதாகவும் சொன்னார். மடக்கியிருந்த கால்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தபோது, முழங்கால்கள் வேகமாகத் தன் முகத்தை நோக்கி வருவதாக உணர்ந்து தலையை விலக்கிக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

‘நான் இங்கே, இந்த உடம்புக்குள் இருக்கிறேன்’ என்ற உணர்வு ஏதோ பிறவிச் சொத்து மாதிரி நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் கண் தரும் செய்தி, உள்காது தரும் சமநிலைச் செய்தி, தசையும் மூட்டும் தரும் செய்தி ஆகிய மூன்றையும் வைத்து மூளை அதை நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு நடக்கும் முக்கியமான இடம்தான் மேலே சொன்ன சந்திப்பு. செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் விடை தப்பாக வரும்: ‘நான் இங்கே இல்லை, அதோ மேலே இருக்கிறேன்.’ 2007இல் இரண்டு குழுக்கள் கேமராவையும் தலையில் மாட்டும் திரையையும் வைத்துக்கொண்டே, மருந்தோ மின்சாரமோ இல்லாமல், ஆரோக்கியமானவர்களிடம் இதன் லேசான வடிவத்தை உண்டாக்கிக் காட்டின.

குகையும் வெளிச்சமும் இவ்வளவு சிக்கல் இல்லை. போர் விமானிகளைப் பெரிய சுழல் எந்திரத்தில் உட்காரவைத்துச் சுற்றும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. முதலில் பார்வையின் ஓரங்கள் இருண்டு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும்; அப்புறம் மயக்கம். அந்தச் சில நொடி மயக்கத்தில் குட்டிக் கனவுகளும் மிதக்கும் உணர்வும் வருகின்றன. மயக்க மருந்தாகப் பயன்படும் கீட்டமைனும் இதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். 2019இல் 625 மரண விளிம்புக் கதைகளையும், மனநிலையை மாற்றும் 165 பொருட்களை உட்கொண்டவர்கள் எழுதிய சுமார் 15,000 அனுபவக் குறிப்புகளையும் கணினியில் ஒப்பிட்டார்கள். சொல்லுக்குச் சொல் அதிக நெருக்கமாக இருந்தவை கீட்டமைன் குறிப்புகள்தான்.

அப்படியானால் எல்லாம் ஆக்சிஜன் குறைவு என்று முடித்துவிடலாமா? முடியாது. ஆல்ப்ஸ் மலையில் தானே சறுக்கி விழுந்து பிழைத்த நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம், அதேபோல் விழுந்து பிழைத்தவர்களின் கதைகளைத் திரட்டி 1892இல் வெளியிட்டார். விழும்போது பயமோ வலியோ இல்லை, நேரம் நீண்டுபோனது, வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடியது என்றார்கள் பலர். விழுந்துகொண்டிருக்கும் மனிதனின் ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு ஒரு குறையும் இல்லை. 1896 ஜூலையில் 16 வயது வேங்கடராமனை, பின்னாளில் ரமண மகரிஷி ஆனவரை, மதுரையில் திடீரென்று மரண பயம் பிடித்தபோது அவர் உடம்புக்கு ஒன்றுமே இல்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, செத்தால் எது சாகிறது என்று உள்ளே பார்த்தார். ஆக, சாவு வந்துவிட்டது என்ற நம்பிக்கை மட்டுமே சிலரிடம் இந்த நிலையைத் திறந்துவிடப் போதுமானதாக இருக்கிறது. ஒரே காரணத்தில் அனைத்தையும் அடைக்கப் பார்க்கும் விளக்கங்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

மறுபடி ‘எப்போது’ என்ற கேள்விக்கு வருவோம். நினைவுகளில் நேரமுத்திரை இருப்பதில்லை. இதயம் நின்ற முதல் நொடிகளிலோ, நெஞ்சை அழுத்தும்போது கொஞ்சம் ரத்தம் மூளைக்கு ஏறிய வேளையிலோ, உணர்வு திரும்பும் கடைசிக் கட்டத்திலோ பார்த்ததெல்லாம் ஒரே கதையாகப் பின்னப்பட்டு, ‘நான் செத்திருந்தபோது’ என்ற இடத்தில் போய் உட்காரலாம். இதைச் சோதிக்க சாம் பார்னியா என்ற மருத்துவர் எளிமையான ஒரு வழி கண்டார். மருத்துவமனை அறைகளில் உயரமான தட்டுகளை அமைத்து, கூரையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அவற்றின்மேல் படங்களை வைத்தார். உண்மையிலேயே மேலே மிதந்தவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

2014இல் முடிவு வந்தது. 15 மருத்துவமனைகளில் இதயம் நின்ற 2,060 நிகழ்வுகள். பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. சுற்றி நடந்ததைப் பார்த்ததாக, கேட்டதாகத் தெளிவாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். துரதிருஷ்டம், இருவருக்குமே இதயம் நின்றது தட்டு இல்லாத அறையில். அவர்களில் 57 வயதுக்காரர் ஒருவர், அறையின் மூலையிலிருந்து பார்த்ததாகச் சொல்லி, மின் அதிர்ச்சிக் கருவியின் தானியங்கிக் குரலையும் தன்னைக் கவனித்துக்கொண்ட வழுக்கைத் தலை ஆளையும் சரியாக விவரித்தார். கருவி இயங்கிய கணக்கின்படி அது சுமார் மூன்று நிமிட நேரம். காதும் மூளையும் அந்த நிலையில் இவ்வளவு வேலை செய்யும் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. நெஞ்சை அழுத்தும்போதே கண்விழித்த நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதால் அது நடக்கவே முடியாததும் இல்லை. பிந்தைய ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. அதில் சில நோயாளிகளிடம், ஒரு மணி நேரம்வரை அழுத்திய பிறகும் விழிப்பு நிலையை ஒத்த மூளை அலைகள் இடையிடையே தென்பட்டன. மறைத்துவைத்த படத்தை மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை.

பண்பாடு இதில் எவ்வளவு தூரம் கலக்கிறது என்பதும் பார்க்கவேண்டியது. ஆய்வாளர்கள் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் இந்தியாவில் திரட்டிய 16 கதைகளில் அடிக்கடி வருவது எமதூதர்கள். அழைத்துப்போன பிறகு கணக்கைப் பார்த்து, ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மேற்கத்தியக் கதைகளில் அலுவலகத் தவறு எதுவும் கிடையாது; ‘உன் நேரம் இன்னும் வரவில்லை’ என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மிதப்பது, அமைதி, வேறொருவர் அருகில் இருப்பது போன்ற கச்சாப் பொருளை மூளை தருகிறது. அதற்கு முகமும் உடையும் கொடுப்பது நாம் வளர்ந்த கதைகள் என்றே எனக்குப் படுகிறது.

மரணத்தின் பக்கமே போகாமலும் இதைத் தொடலாம். 1962 புனித வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தில் இறையியல் மாணவர்கள் 20 பேரில் பாதிப்பேருக்கு, சில காளான்களில் இருக்கும், மனக்காட்சிகளை உண்டாக்கும் சைலோசைபின் கொடுக்கப்பட்டது. மீதிப்பேருக்கு முகம் சிவக்கவைக்கும் ஒரு வைட்டமின். யாருக்கு எது கிடைத்தது என்பது கொஞ்ச நேரத்தில் அனைவருக்கும் புரிந்துவிட்டது. ரகசியச் சோதனை என்ற வகையில் அது தோல்விதான். 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்னும் கட்டுப்பாட்டோடு 36 பேரிடம் செய்தபோது, இரண்டு மாதம் கழித்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தம் வாழ்வின் அர்த்தமுள்ள முதல் ஐந்து அனுபவங்களுள் வைத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நடுவே கடும் பயமும் வந்தது.

இத்தகைய அனுபவங்களில் எல்லாம் விஞ்ஞானிகளைத் திணறவைப்பது காட்சிகள் அல்ல. ‘உண்மையைக் கண்டுவிட்டேன்’ என்ற அசைக்க முடியாத உறுதி. தத்துவவாதியும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் 1902இலேயே இதை ஒரு முக்கிய அடையாளமாகக் குறித்தார். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியை ஆட்கொண்டதுபோன்ற பேரின்ப வலிப்புகளை ஆராய்ந்த ஜெனீவாவின் நரம்பியல் மருத்துவர் ஃபேபியன் பிக்கார், மூளை மடிப்புக்குள் புதைந்திருக்கும் இன்சுலாவின் முன்பகுதியைச் சுட்டுகிறார். ‘எங்கோ இடிக்கிறதே’ என்று எச்சரிப்பதில் அந்தப் பகுதிக்குப் பங்குண்டு. வலிப்பால் அந்த எச்சரிக்கை அணைந்துபோனால் எல்லாம் பொருந்தியதாக, எல்லாம் தெளிவானதாகத் தோன்றலாம் என்பது அவர் கருதுகோள். இதனால் அவர்கள் கண்டது பொய் என்று ஆகிவிடாது. எதிரே இருக்கும் மரத்தைப் பார்க்கும்போதும் மூளையின் பின்பகுதி இயங்கத்தான் செய்கிறது. அதனால் மரம் இல்லை என்றாகுமா? அதேசமயம், உறுதியாக உணர்ந்தது மட்டும் சான்றாகிவிடாது என்பதும் இதே இன்சுலாவிலிருந்து தெரிகிறது.

அனுபவத்தின் பின்விளைவில் பெரிய சர்ச்சை இல்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2 ஆண்டும் 8 ஆண்டும் கழித்துத் தேடிப்போய்ப் பேசியபோது, அந்த அனுபவம் பெற்றவர்களிடம் மரண பயம் குறைந்திருந்தது. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, உயிருக்கு ஆபத்தான புற்றுநோயால் மனம் சோர்ந்திருந்த 51 பேருக்கு சைலோசைபின் கொடுத்தது. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 80 சதவீதம் பேரிடம் சோர்வும் பதற்றமும் குறைந்தே இருந்தன. அனுபவம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பலன் என்றும் தெரிந்தது. பலன் தருவது அனுபவமா, வேதிப்பொருளா? இதைப் பிரித்தறிய, காட்சி எதையும் உண்டாக்காத, ஆனால் அதே மாதிரி வேலை செய்யக்கூடிய மூலக்கூறுகளைச் சில ஆய்வகங்கள் இப்போது தயாரித்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.