சப்போர்ட்: ஆதரவா, ஏற்பா?

கொழும்பு வெள்ளவத்தையில் சாறிக்கடை வைத்திருக்கும் அண்ணர் ஒருவருக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். படங்களையெல்லாம் ஏவிஃப் (AVIF) என்ற புதிய பட வடிவத்தில் ஏற்றியிருந்தேன். வழக்கமான ஜேபெக்கைவிடக் (JPEG) கோப்பு சிறிது, டேட்டாவும் மிச்சம். மறுநாளே போன் வந்தது. "தம்பி, என்ர போனில ஒரு சாறியும் தெரியேல்ல. பிரவுசர் சப்போட் பண்ணாதாம், மகன் சொல்லுறான்."

மகன் சொன்னது சரி. குரோம் 2020இலும் ஃபயர்பாக்ஸ் 2021இலும் ஏவிஃபைத் திறக்கத் தொடங்கின. சஃபாரிக்கு 2022இல் வந்த 16ஆம் பதிப்பில்தான் அது கைகூடியது. எட்ஜ் 2024 வரை இழுத்தடித்தது. அண்ணரிடம் இருப்பதோ ஐபோன் 6. அதன் இயங்குதளம் ஐஓஎஸ் 12க்கு மேல் ஏறாது, சஃபாரியும் அதோடு பழையதாகவே நின்றுவிடும்.

அந்தச் 'சப்போட்'தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேர் இலத்தீனில்: சுப் என்றால் கீழே, போர்த்தாரே என்றால் சுமத்தல். கோட்டை ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் இதே வேர்தான். கீழிருந்து சுமப்பது பக்கபலமாக நிற்பதாகி, அப்புறம் கணினிக்காரர் வாயில் 'இதைக் கையாளத் தெரியும்' என்றாகிவிட்டது.

பிரவுசர் சப்போர்ட்டைத் தமிழில் 'உலாவி ஆதரவு' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. ஆதரவு, சமஸ்கிருத 'ஆதர' வழி வந்தது. மதிப்பு, பரிவு என்று பொருள். சிங்களத்தில் 'ஆதரய' என்றால் காதலே. தேர்தல் சுவரொட்டி கேட்பதும் ஆதரவுதான், ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காததும் அதுதான். சாறிப் படத்தின் மேல் சஃபாரிக்கு என்ன பரிவு? சுருக்கி வைத்த படத்தை அவிழ்க்கும் நிரல் உள்ளே இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் விஷயம்.

நான் 'ஏற்பு' என்பேன். உலாவி ஒரு படத்தைக் கேட்கும்போதே, தான் எடுத்துக்கொள்ளும் வகைகளைச் சேவையகத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. அந்த வரியின் பெயரே 'அக்செப்ட்'. 'சஃபாரி 16 ஏவிஃபை ஏற்கும்', 'ஏற்காத வடிவம்' என்றெல்லாம் இடறாமல் எழுதலாம். 'தாங்கும்' வேருக்கு இன்னும் கிட்ட. ஆனால் ஏவிஃப் ஏதோ அரிசி மூட்டை மாதிரித் தெரியும். வாடிக்கையாளர் சப்போர்ட் வேறு கதை, அதற்கு 'உதவி' போதும்.

கடைசியில், பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் பிக்சர் குறிச்சொல்லுக்குள் ஒவ்வொரு படத்தையும் ஏவிஃப், வெப்பி (WebP, இன்னொரு பட வடிவம்), ஜேபெக் என்று வரிசையாகக் கொடுத்தேன். முதலில் எதை ஏற்க முடிகிறதோ அதை உலாவி எடுத்துக்கொள்ளும். ஐபோன் 6 வெப்பியையும் ஏற்காது, ஆகவே 1992இன் ஜேபெக்தான் போகிறது. அண்ணர் திரும்பவும் போன் எடுத்தார். "இப்ப நல்லா சப்போட் பண்ணுது, தம்பி."