அதிமதுரத்தின் இனிப்பு ஆண் ஹார்மோனை என்ன செய்கிறது?

வேலூர் லாங் பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் கேட்டால் வேர்த் துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். ராணிப்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா அதோடு நிற்கவில்லை. ஆண்மைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் ராத்திரி பாலில் ஒரு ஸ்பூன் பொடி கலந்து குடித்துவந்தார். அவருக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. அவருக்காகத்தான் இதைத் தேடிப் படித்தேன்.

வேரின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு தித்திக்கும். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இதை உடைத்துக் கிளிசிரெட்டினிக் அமிலமாக மாற்றுகின்றன. இரத்தத்தில் சேர்ந்து வேலையைக் காட்டுவது அந்த அமிலம்தான்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் கொலஸ்ட்ராலிலிருந்து படிப்படியாக உருவாகிறது. ராணிப்பேட்டை தோல் ஷாப்பை, அதாவது தோல் பதனிடும் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தோல் ஒவ்வொரு தொட்டியாக இறங்கி ஏறித்தான் பதமாகும். நடுவில் ஒரு தொட்டியில் வேலை நின்றால், தோல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். உடம்பில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நொதி (என்சைம்); அந்தக் கட்டத்து மாற்றத்தை நடத்துவது அதுதான். அதிமதுரம் கடைசிக் கட்ட நொதிகளைத் தடுக்கிறது.

இத்தாலிய ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் காட்டியது. ஆரோக்கியமான 7 இளைஞர்களுக்குத் தினமும் 7 கிராம் அதிமதுர மாத்திரை. அதில் அரை கிராம் கிளிசிரைசின். நான்கே நாளில் டெஸ்டோஸ்டிரோன் சராசரி 740இலிருந்து 414 நானோகிராமாக இறங்கியது (ஒரு டெசிலிட்டருக்கு). முந்தைய கட்டப் பொருளான 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோனோ கூடியிருந்தது. தோல் குவிந்த கதைதான். நிறுத்திய நான்காம் நாள் அளவு 704க்குத் திரும்பிவிட்டது.

ஏழு பேர் என்பது சின்னக் கூட்டம். பிந்தைய ஆய்வு ஒன்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதனால் தொண்டைக்கு ஒரு துண்டு மென்றவர் பயப்பட வேண்டாம். ஆனால் ஆண்மைக்கு என்று தினமும் பொடி சாப்பிடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

சித்தப்பா விஷயத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது சிறுநீரகத்தைப் பற்றி. கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் ஒரு நொதி அங்கே இருக்கிறது. அதிமதுரம் அதையும் தடுக்கிறது. அடங்காத கார்டிசோல் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றிவிடும். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு சொன்னது இதனால்தான். இத்தாலிய இளைஞர்கள் சாப்பிட்டது அதைப்போல் ஐந்து மடங்கு.

டாக்டரிடம் பேசிய பிறகு சித்தப்பா பொடியை விட்டுவிட்டார். இப்போது அவர் பாலில் பனங்கற்கண்டு.