தோட்டம் கைமாறினால் தமிழ்ப்பள்ளி என்னாகும்? பெற்றோர் அறிய வேண்டிய சட்டங்கள்

மலேசியத் தோட்டம் ஒன்று விலைபோகிறது என்ற பேச்சு தொழிலாளர் லயத்தில் கிளம்பியதும், "நம்ம பள்ளிக்கூடத்த மூடிருவாங்களா?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். சுங்கை சிப்புட் ஆனாலும் பாகான் டத்தோ ஆனாலும் கேள்வி ஒன்றே. பதிலுக்கு இரண்டு பக்கம் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் அதிகாரம், நிலம் மாநிலத்தின் அதிகாரம். பள்ளி புத்ராஜெயாவின் பொறுப்பில் இருக்க, அது நிற்கும் மண் மாநில நில அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. பல பள்ளிகள் சிக்கலில் மாட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் பள்ளி. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 21(2) என்றொரு பிரிவு இருந்தது. அமைச்சர் நினைத்தால் ஒரு தேசிய வகைப் பள்ளியை (தமிழ், சீனப் பள்ளிகள் இந்த வகை) எப்போது வேண்டுமானாலும் தேசியப் பள்ளியாக, அதாவது மலாய்மொழிப் பள்ளியாக, மாற்றிவிடலாம் என்றது அது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அதற்கு மாறாக 28ஆம் பிரிவு, அமைச்சர் தேசியப் பள்ளிகளையும் தேசிய வகைப் பள்ளிகளையும் நிறுவலாம், அவற்றைப் பராமரித்தே ஆக வேண்டும் என்கிறது. மலாய்மொழியே முதன்மைப் பயிற்றுமொழி என்று சொல்லும் 17ஆம் பிரிவும் 28இன் கீழ் வரும் தேசிய வகைப் பள்ளிக்கு விலக்குத் தருகிறது.

இந்த விலக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019இல் சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அரசியலமைப்பின் 152ஆவது விதி மலாயைத் தேசிய மொழியாக்குகிறது. அரசாங்க நோக்கங்களுக்கு அல்லாமல் வேறெந்த மொழியையும் பயன்படுத்தவோ கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. பிற இனங்களின் மொழிப் பயன்பாட்டையும் கல்வியையும் பேணிக்காக்கும் உரிமையை அரசாங்கத்துக்கும் அது தருகிறது. அப்படியானால் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் நடத்துவது "அரசாங்க நோக்கமா" என்பதே வழக்கின் மையக் கேள்வி. 1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியில் கற்பிப்பது வேறு என்று பிரித்து, சீனமொழிப் பல்கலைக்கழகத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. அதனால்தான் 2019 வழக்கு நம்மை அந்த அளவுக்குப் பதற வைத்தது.

2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், தாய்மொழிப் பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, ஆகவே அங்கே தமிழும் சீனமும் பயிற்றுமொழியாக இருப்பது அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. தமிழ்ப்பள்ளி இருக்கலாமா என்ற கேள்வி அதோடு நீதிமன்றத்தில் முடிந்தது.

ஆனால் எந்தத் தீர்ப்பும் உங்கள் பள்ளியின் நிலத்தை உங்கள் பெயரில் எழுதித் தரவில்லை. அக்கறை செலுத்த வேண்டிய இடம் இதுதான்.

மாவட்ட நில அலுவலகத்தில் "சாரியான் ராஸ்மி", அதாவது அதிகாரப்பூர்வத் தேடல், செய்யுங்கள். லாட் எண், முக்கிம், மாவட்டம், கிராண்ட் எண் தெரிந்தால் போதும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கையில் கிடைக்கும் தாளில் நான்கைந்து இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். உரிமையாளர் பெயரில் தோட்ட நிறுவனம் இருந்தால், பள்ளிக்கென்று தனி நிலம் இன்னும் பிரிக்கப்படவில்லை என்று பொருள். நிலப் பயன்பாட்டு வகை "பெர்த்தானியான்", அதாவது விவசாயம், என்று இருந்தால், புதிய கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது அனுமதி கிடைக்காமல் இழுபடும். "காடாயான்" என்ற அடமானப் பதிவு இருந்தால், வங்கியின் ஒப்புதல் இல்லாமல் நிலத்தைப் பிரிக்கவோ மாற்றவோ முடியாது. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி பள்ளி ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் வெளியாகியிருந்தால் நிம்மதி. அந்த நிலம் அரசினுடையது.

"மேனேஜர் தர்றேன்னு சொல்லிட்டாரு" என்ற பேச்சு நிலச் சட்டத்தில் செல்லாது. பதிவில் யார் பெயரோ அவருக்கே நிலம். வாய்வாக்கு நல்ல மனதோடு தந்ததே என்றாலும் புது முதலாளியை அது கட்டுப்படுத்தாது. நிலம் தருவதாக எழுத்து வாங்கியிருந்தால், அதன் பலத்தில் 19B பாரத்தில் தனிப்பட்ட கேவியட், அதாவது நிலம் கைமாறாமல் தடுக்கும் பதிவு, போடலாம். அது ஆறு ஆண்டு நிற்கும். எழுத்தே இல்லாமல் கேவியட் போட்டால் இழப்பீடு கட்டும் நிலை வரலாம், ஆகவே வழக்கறிஞரைப் பார்க்காமல் போட வேண்டாம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ துண்டாடவோ 214A பிரிவின்படி மாநிலத்தின் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பள்ளி மேலாளர் வாரியம் தன் கோரிக்கையை எழுத்தில் வைக்க ஏற்ற நேரம் அது. விற்பனை முடிந்து 14A பாரம், அதாவது உரிமை மாற்றப் பாரம், பதிவாகிவிட்டால் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது.

விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று 528. சட்டம் மூடியவை என்று இவற்றைச் சொல்ல முடியாது. தோட்டம் துண்டாடப்பட்டு ஆள் நகர்ந்ததும், பிள்ளைகள் குறைந்ததும்தான் பெரும்பாலும் காரணம். 150 பேருக்குக் குறைந்தால் பள்ளி "குறைந்த மாணவர் பள்ளி" கணக்கில் போய்விடும். ஒவ்வொரு முதலாம் ஆண்டுப் பதிவும் அதனால்தான் எண்ணிக்கைக்கு முக்கியம்.

பதிவு இணையத்தில் நடக்கிறது. தோட்டத்தில் அடிக்கடி வரும் இடைஞ்சல், மின்கட்டண ரசீது பெற்றோர் பெயரில் இல்லாமல் நிர்வாகத்தின் பெயரில் இருப்பது. வசிப்பிடத்தை உறுதிப்படுத்தும் நிர்வாகக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி, பள்ளி அதை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடைஞ்சல் மனதை வருத்துவது. கோவிலில் தாலி கட்டி, பதிவுத் துறையில் பதியாமல் விட்ட திருமணங்கள். 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். பதியாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைச் சார்ந்தது; தாய்க்கு அடையாள அட்டை இல்லையென்றால் பிள்ளைக்கும் சிக்கல். அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கல்விச் சட்டத்தின் 29A பிரிவு, நாட்டில் வாழும் குடிமகனான பெற்றோர், அந்த ஆண்டு ஜனவரி 1இல் ஆறு வயது நிறைந்த தன் பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெற்றோர் குடிமகனா என்றுதான் அந்தப் பிரிவு பார்க்கிறது, பிள்ளையின் குடியுரிமையை அது கேட்கவில்லை. இருக்கிற தாள்களோடு தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் போய்ப் பாருங்கள்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். தமிழ் அங்கேதான் கைநழுவுகிறது. கல்விச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்யச் சொல்கிறது. "பள்ளியில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே படிவத்தில், அதாவது ஒரே வகுப்பு நிலையில், 15 பேர் இல்லையே என்று சிலர் திருப்பி அனுப்புவதுண்டு. முதல் படிவத்தில் ஆறு, இரண்டாவதில் ஐந்து, நான்காவதில் நான்கு என்று சேர்ந்தாலும் 15தான்.

கோரிக்கையை மலாயில் ஒரே பக்கக் கடிதமாக எழுதுங்கள். தலைப்பு "பெர்மோஹோனான் கெலாஸ் பஹாசா தமிழ்", அதாவது தமிழ்மொழி வகுப்புக்கான விண்ணப்பம். கீழே அட்டவணையாகப் பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண், பிள்ளையின் பெயர், படிவம், கையெழுத்து. 15 பேரோடு நிறுத்தாமல் 18, 20 பேரிடம் வாங்குங்கள். ஆண்டு நடுவில் ஒருவர் பள்ளி மாறினாலும் கணக்கு உடையாது. பள்ளி முதல்வரிடம் ஒரு பிரதி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி. மூன்றாவது பிரதியில் "தெரிமா", அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற, முத்திரையும் தேதியும் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் இல்லை என்ற பதில் வந்தால், அதையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை இணைத்துத்தான் அலுவலகத்தில் ஆசிரியர் நியமனம் கோர முடியும்.

முத்திரை குத்திய பிரதியைத் தனி ஆள் வீட்டில் வைக்காமல் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கோப்பில் வையுங்கள். செயலாளர் மாறும்போது நிலத் தேடல் தாளும் பெயர்ப்பட்டியலும் கோப்போடு சேர்ந்தே கைமாற வேண்டும்.