ஒரு வாய் காபி: பக்கவாத வார்டிலிருந்து ஒரு நர்ஸ்

இரவு டியூட்டியில் நான் அதிகம் பிடுங்கி வைக்கும் பொருள் ஃப்ளாஸ்க். பக்கவாதம் வந்து சேர்ந்தவரின் கட்டிலுக்கு அடியில், துணிப்பைக்குள், துண்டு சுற்றி ஒளித்து வைத்திருப்பார்கள். "சிஸ்டர், காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ஒரு வாய் காபி குடுத்தா தெம்பா இருப்பாரு" என்று ராயபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்திருந்தன, பேச்சு குழறியது. நான் விடவில்லை. விடியும்வரை அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வாதம் வந்தால் கை கால் மட்டும் விழுவதில்லை, பலருக்குத் தொண்டையும் விழும். வெளியே தெரியாது, அவ்வளவுதான். விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். அது தவறினால் காபி நுரையீரலுக்குள் இறங்கும். புரையேறி இருமினால் நமக்காவது தெரியும். சிலருக்கு இருமலே வராது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பெரியவர் தெளிவாக விழித்திருக்கிறார், பேசுகிறார் என்று நம்பி, அவர் மகளைக் கஞ்சி ஊட்ட விட்டேன். ஒரு இருமல் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா. ஐசியூவுக்குப் போனவர் வார்டுக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் கஞ்சிக் கிண்ணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சோதித்துப் பார்க்காமல் என் வார்டில் தண்ணீர் கிடையாது, மாத்திரையும் கிடையாது. சோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆள் நன்றாக விழித்திருக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிறகு "ஆ" சொல்லச் சொல்வேன். குரல் கொழகொழவென்று ஈரமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன். தேறாதவருக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொண்டுபோகும் ரைல்ஸ் ட்யூப். "ட்யூப் போட்டாச்சுன்னா அவ்ளோதானா சிஸ்டர்?" என்று கேட்டு அழுகிறவர்கள் உண்டு. பலருக்கு அது சில நாள் ஏற்பாடுதான்.

நம் வீடுகளில் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் இலகு என்று நினைக்கிறோம். வாத நோயாளிக்கு அதுதான் கடினம். வாயில் நிற்காமல் சர்ரென்று ஓடிவிடும். ரசம் சாதமும் அப்படியே: பருக்கை ஒரு வேகத்தில், ரசம் ஒரு வேகத்தில் போகும். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் அதே ரகம். ஒரே பதத்தில் கெட்டியாக இருப்பதைச் சமாளிப்பது பெரும்பாலும் சுலபம். எந்தப் பதம் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார். ஊட்டி முடித்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே படுக்க வைக்காதீர்கள், அரை மணி நேரமாவது உட்காரட்டும். வாயில் ஒன்றும் போகாதவருக்கும் தினமும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு எச்சில் நுரையீரலுக்குப் போனாலும் நிமோனியாதான்.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு எங்கள் வேலைக்கு ஒரு மரியாதை சேர்த்தது. முதல் 72 மணி நேரம் காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் வகுத்துக் கொடுத்த முறைப்படி நர்ஸுகள் கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறர் தயவில் கிடப்பவர்களும் குறைவாக இருந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஒரு டீஸ்பூன்.

அடுத்து, நாங்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள். "எத்தனை வாட்டிதான் வயசு கேப்பீங்க, சிஸ்டர்?" என்று மகன்கள் எரிந்து விழுவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவருக்கு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு முறை பார்த்தாக வேண்டும். அந்த ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். திடீர் தலைவலி, வாந்தி, சற்றுமுன் சொன்ன வயதை இப்போது சொல்லத் தடுமாறுவது, இவைதான் எங்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல். தூக்கத்தைக் கெடுக்கிறோம் என்பது எங்களுக்கும் தெரியும்.

அமெரிக்காவில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் என்ஐஎச் அளவுகோலில் வாதத்தின் பாதிப்புக்கு 0 முதல் 42 வரை மதிப்பெண். அதிகமானால் பாதிப்பு அதிகம். அதில் இது என்ன மாதம் என்று கேட்க வேண்டும். வியாசர்பாடிப் பாட்டி ஒருவர் "ஆடி" என்றார். புதிதாகச் சேர்ந்த பெண் தவறு என்று எழுதப் போனாள். ஆடிதான் நடந்துகொண்டிருந்தது! பெயர் சொல்லச் சொல்லும் படங்களில் கையுறை, கள்ளிச்செடி, வலைத்தொட்டில் எல்லாம் வரும். வலைத்தொட்டிலைப் பாட்டி "தூளி" என்றார். மூளை சரியாகத்தான் வேலை செய்கிறது, படம்தான் வேறு ஊர்க்காரர்களுக்கு வரைந்தது. அதனால் அளவுகோலுக்கு வெளியே, என் பையிலிருக்கும் சாவி, பேனா, கத்தரிக்கோலையும் காட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

நோயாளி வந்து இறங்கியதும் நான் கேட்பது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" எப்போது விழுந்தார் என்பதல்ல. காலை 6 மணிக்கு எழுந்தபோதே வாய் கோணியிருந்தால், இரவு 10 மணிக்குப் படுக்கப் போனதுதான் கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான கெடு, அங்கிருந்து பொதுவாக நாலரை மணி நேரம். தெரு முனை கிளினிக், தனியாக ஒரு ஸ்கேன் சென்டர், பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்று சென்னை டிராஃபிக்கில் சுற்றினால் அது கரைந்துவிடும். 108-ஐ அழையுங்கள், சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள். வழியில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம்: மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. வந்ததும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். சர்க்கரை இறங்கினாலும் வாதம் போலவே கை விழும்.

பிரஷரை உடனே இறக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அடைப்பில் பட்டினி கிடக்கும் மூளைப் பகுதிக்கு அந்த அழுத்தத்தில்தான் கொஞ்சம் ரத்தம் போகிறது. ஊசி போட்டவருக்கு 180/105-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

இன்னொன்று, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தசை தளர்ந்த தோள்பட்டை மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். கையைத் தலையணை மேல் வையுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டும்போது முதுகின் அடியிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். புறா ரத்தம் தேய்க்கலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வேண்டாம். அந்த நேரத்துக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள்.

ராயபுரத்துக்காரர் நான்காம் நாள் டீஸ்பூன் தண்ணீரில் தேறினார். காபிக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது, அதுவும் கெட்டியாக்கி, கரண்டியில். முதல் கரண்டியிலேயே முகத்தைச் சுளித்து, குழறலாக என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்தது: "சக்கர போடலையாம், சிஸ்டர்."