நிலத்தோற்ற வரைபடம் வேறு, நிலவியல் வரைபடம் வேறு

கிராண்ட் கேன்யன் குறித்துத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட விவரணப்படமொன்றில், அப்பள்ளத்தாக்கின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் படத்தை ‘நிலவியல் வரைபடம்’ என்று மூன்று முறை சொன்னார்கள். பயணக் கட்டுரைகளிலும் இதே பிழை தொடர்ந்து கண்ணில் படுகிறது.

அப்படத்துக்கு ஆங்கிலத்தில் ‘டோபோகிராபிக் மேப்’ என்று பெயர். டோபோகிராபி என்பதன் கிரேக்க மூலத்தில் ‘டோபோஸ்’ என்றால் இடம், ‘கிராபெய்ன்’ என்றால் எழுதுதல். மேடு, பள்ளம், சரிவு, ஓடை ஆகியவற்றை அளந்து தாளில் வரைவது அது. தமிழில் நிலத்தோற்ற வரைபடம். நிலவியலோ ஜியாலஜி, பாறையின் வகையையும் வயதையும் ஆராயும் துறை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் நிலத்தோற்றப் படங்களை 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையும், நிலவியல் படங்களை 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையும் தனித்தனியே வெளியிடுகின்றன. அமெரிக்காவில் இரண்டையும் வெளியிடுவது அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறையே. படத்தின் ஓரத்தில் அச்சிட்ட துறையின் பெயரைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் படத்துக்கே அப்பெயரைச் சூட்டிவிடுகிறார். 1902இல் அத்துறைக்காக நில அளவையாளர் பிரான்சுவா மத்தேஸ் கிராண்ட் கேன்யனை அளக்கத் தொடங்கியபோது, முக்காலியில் பொருத்திய வரைபலகையையும் நோக்குக்கருவியையும் கொண்டு பாறை விளிம்புகளில் நின்று வரைந்தது உயரங்களைத்தான். பாறைகளின் வயதை அல்ல.

இரண்டும் நிலத்தைப் பற்றியவைதானே என்று இதை விட்டுவிட முடியாது. அங்கே மேலடுக்குப் பாறைகள் ஏறத்தாழக் கிடையாகப் படிந்திருப்பதால், பாறை வகைகளைப் பிரிக்கும் எல்லைக்கோடும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடும் பல இடங்களில் ஒன்றையொன்று ஒட்டியே வளைந்து செல்கின்றன. படங்களின் பெயரும் ஒன்றாகிவிட்டால், எந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று படிப்பவர் எப்படி அறிவார்? மத்தேஸின் படத்தில் 50 அடிக்கு ஒரு சமவுயரக் கோடு. ‘ரெட்வால்’ சுண்ணாம்புக்கல் சுவர் ஏறத்தாழ 500 அடி உயரமுள்ள இடத்தில் பத்துக் கோடுகள் மயிரிழை இடைவெளியில் நெருங்கி நிற்கும். அதற்குக் கீழே டோன்டோ என்னும் அகன்ற மேடையில் அவை விலகிப் படரும். இறங்க வழி தேடுபவர் பார்க்க வேண்டியது அந்த நெருக்கத்தையும் விலகலையும்தான்.

ஈழத்தில் வழங்கும் ‘இடவிளக்கப்படம்’ கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது, பிழையற்றது. ஆயினும் ‘விளக்கம்’ என்றதும் உரைநடை நினைவுக்கு வருவதால் நான் ‘நிலத்தோற்றம்’ என்பதையே தேர்வேன். களத்தில் வேலை செய்வோர் சொல்வதுபோல் ‘டோபோ ஷீட்’ என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. அதைக் கேட்டுக் கையில் கிடைக்கும் படத்தில் உயரங்களாவது இருக்கும்.